கோரைக்கிழங்கும் சைபீரியக் கொக்கும்

காரைக்காலில் தை பிறந்துவிட்டால் இரண்டு செய்திகள் பேப்பரில் தவறாமல் வரும். அறுவடை இயந்திரத்துக்கு வாடகை ஏறிவிட்டது என்பது ஒன்று. சைபீரியாவிலிருந்து பறவைகள் வந்து குவிந்துவிட்டன என்பது இன்னொன்று. முதலாவது எப்போதும் சரியாக இருக்கும். இரண்டாவதோடு வரும் படத்தில் பெரும்பாலும் நத்தைகுத்தி நாரை நின்றுகொண்டிருக்கும். அது முட்டையிலிருந்து வெளிவந்ததே வேடந்தாங்கல் மாதிரி நம் பக்கத்து ஏரி மரம் ஏதாவது ஒன்றில்தான். நிஜமாகவே சைபீரியாவிலிருந்து வருகிற உள்ளான்கள் அதே வயலில் சேற்று நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைக் குனிந்து பார்க்க ஆளில்லை. வெள்ளையாக, உயரமாக, ஒற்றைக் காலில் நின்றால்தான் நம்மவர்களுக்கு அது வெளிநாடு.

நான் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நெடுங்காடு, திருநள்ளாறு, கோட்டுச்சேரி கொம்யூன்களின் வரப்புகளில் நடந்தே உத்தியோகம் கழிந்தது. பூச்சி எண்ணப் போகிறவன் பறவையையும் பார்த்துவிட்டு வந்தால் அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை. "சார், நம்ம கொல்லையில சைபீரியாக் கொக்கு எறங்கியிருக்கு" என்று யாராவது சொல்லி அனுப்பினால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பெரிய வெள்ளைக் கொக்கு நிற்கும். சில சமயம் மஞ்சள் மூக்கு நாரை. பெயரைச் சொன்னதும் கூப்பிட்டவர் முகம் சுருங்கிவிடும். "அதுவா? அது எப்பவும் வர்றதுதானே" என்பார். இருந்தாலும் நோட்டில் எழுதிக்கொள்வேன். தேதி, ஊர், வயலில் என்ன பயிர், தண்ணீர் எவ்வளவு, பறவை என்ன செய்துகொண்டிருந்தது. துறையில் பூச்சி மேலாய்வுக்குப் பழகிய முறை அது. அதற்குமேல் எனக்கு விஞ்ஞானம் தெரியாது.

உண்மையான சைபீரியக் கொக்கு நம் வயல் கொக்கின் சொந்தக்காரனே அல்ல. வேறு குடும்பம். நின்றால் நாலரை அடி. வளர்ந்த பறவைக்கு உடம்பெல்லாம் தூய வெள்ளை, முகத்தில் முகமூடி போட்டதுபோல இறகில்லாத சிவப்புத் தோல், காலும் சிவப்பு. இறக்கையின் நுனி கறுப்பு, ஆனால் நிற்கும்போது அது வெளியே தெரியாது, பறந்தால்தான் தெரியும். மரத்தில் உட்காராது. பறக்கும்போது நம் கொக்கு மாதிரிக் கழுத்தை மடக்காது, நீட்டிக்கொண்டு போகும். உலகத்தில் மிஞ்சியிருப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே கிழக்கு சைபீரியாவின் யகூத்தியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் சீனாவின் போயாங் ஏரிக்கு வருபவை. இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் தனி. மேற்கு சைபீரியாவிலிருந்து கசக்ஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து ராஜஸ்தானின் பரத்பூரில் இறங்கும்.

அதைப் பார்க்கத்தான் நான் பரத்பூர் போனேன். 1994 ஜனவரியில் டெல்லி பூசாவில் ஒரு பயிற்சி. இடையில் விடுமுறை கிடைத்ததும் கூட வந்தவர்கள் ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு இறங்கினார்கள். நான் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தேன். கியோலாதேவ் பூங்கா வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வைத்திருக்கும் சர்தார்ஜிகள் நிற்பார்கள். அவர்களே ஓட்டுநர்கள், அவர்களே வழிகாட்டிகள்; பறவைப் பெயரை இங்கிலீஷில் சரளமாகச் சொல்வார்கள். என் ஓட்டை இந்தியில் சைபீரியக் கொக்கு என்று கேட்டதும், எனக்கு வாய்த்த பெரியவர் பெடலிலிருந்து காலை எடுக்காமலே தலையை ஆட்டினார். இந்த வருஷம் வரவில்லை. இனி வருமா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, வண்டியை மிதித்தார்.

அந்தக் குளிர்காலம் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த குளிர்காலமும் வரவில்லை. 1996-ல் நான்கு வந்தன என்று படித்தபோது வீட்டில் சத்தம் போட்டே சொன்னேன். 2001-02 குளிர்காலத்தில் ஒரு ஜோடி வந்து போனது. அதோடு சரி. 1960-களில் இருநூறு எண்ணப்பட்ட இடம் அது.

பெரியவர் அன்று எனக்குச் சாரஸ் கொக்கு ஜோடியைக் காட்டினார். ஒரு கல்வெட்டையும் காட்டினார். அந்தக் காலத்து மகாராஜா வேட்டை விருந்துகளில் எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று தேதிவாரியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்த நாளில் 4,273 பறவைகள். சுட்டவர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் திரும்பினேன். பறவைகளைப் பற்றி அவ்வளவு துல்லியமான ஆவணத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டம் ஏன் அழிந்தது என்பதற்கு வேட்டை ஒரு காரணம். ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானின் மலைப்பகுதிகளிலும் கொக்கு பிடிப்பது தலைமுறைப் பழக்கம். வழியில் இருந்த நீர்நிலைகள் வற்றியதும் ஒரு காரணம். ஆனால் மீட்க முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. குயில் மாதிரிப் பறவைகளுக்கு வலசை வழி பிறவியிலேயே உள்ளே இருக்கும். இந்தக் கொக்குகளுக்கு அப்படி இல்லை. முதல் பயணத்தில் தாய் தகப்பனோடு பறந்து, எந்த ஆற்றைத் தாண்டி எந்த ஏரியில் இறங்க வேண்டும் என்று குஞ்சு கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுக்கப் பெரியவர்கள் இல்லையென்றால் வழியே இல்லை. 1990-களில் வளர்ப்புக் குஞ்சுகளைப் பரத்பூரில் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். வேறு இனக் கொக்குகளோடு கலந்து வடக்கே போய்விடும் என்பது எண்ணம். போகவில்லை. 2012 செப்டம்பரில் ரஷ்ய அதிபர் புதின் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஒரு கிளைடரில் ஏறி, வளர்ப்புக் குஞ்சுகளுக்கு முன்னால் தாய்ப்பறவையாகப் பறந்து காட்டினார். அரசியலில் அவரைப் பற்றி என்ன சொன்னாலும், அந்தப் படத்தைப் பார்க்கிறபோது எனக்குச் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும். இரக்கம் குஞ்சுகள் மேல். இந்தியாவுக்கு வந்தது போக, ஈரானுக்கு வந்துகொண்டிருந்த மேற்குக் கூட்டத்தில் மிஞ்சிய ஒரே ஒரு ஆண்பறவை அங்கே காஸ்பியன் கரைக்கு வருடக்கணக்காகத் தனியாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஒமித் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பரத்பூரில் இந்தப் பறவை எதைத் தின்று வாழ்ந்தது என்பதையும் அப்புறம்தான் படித்தேன். ரான் சாவே என்ற அமெரிக்கர் 1970-களில் அங்கே உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். நண்பர் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டோடு சேர்ந்து 1973-ல் உலகக் கொக்குகளுக்கென்று ஓர் அமைப்பையே தொடங்கியவர். பரத்பூரில் கொக்கின் முக்கிய உணவு கோரைக்கிழங்கு. சைப்ரஸ் ரொட்டண்டஸ். காரைக்காலில் நான் சம்பளம் வாங்கியதே ஒரு பங்கு இந்தக் கோரையை ஒழிக்கச் சொல்லித்தான். "கிழங்கோட புடுங்கணும், மேல அறுத்தா அடுத்த வாரம் நிக்கும்" என்று எத்தனை வயலில் நின்று சொல்லியிருக்கிறேன்! புடுங்கி முடியாதவர்களுக்குக் களைக்கொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உத்தியோகத்துக்கு அது சரி. நெல் விளைய வேண்டும். ஆனாலும் உலகத்தின் அரிதான பறவைகளில் ஒன்று அந்தக் கிழங்குக்காகப் பாதி ஆசியாவைத் தாண்டி வந்தது என்று தெரிந்தபின், வரப்பில் கோரையைப் பார்த்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடப்பேன்.

2014 மார்கழியில் தைவானிலிருந்து மகள் ஒரு படம் அனுப்பினாள். மாப்பிள்ளை அங்கே ஷின்சு நகரில் வேதியியல் ஆராய்ச்சியில் இருந்தார். நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே நிறைய. "அப்பா, இது என்ன கொக்கு? டிவியில நாள் முழுக்க இதையேதான் காட்டுறாங்க" என்று கூட எழுதியிருந்தாள். நெல்லறுத்த வயல். நடுவில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு நெட்டைப் பறவை. மூக்கு நீளம், கனம். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்த வருடம் பிறந்த சைபீரியக் கொக்குக் குஞ்சு. முதலில் பெங்ஜியா என்ற சின்னத் தீவில் பார்த்திருக்கிறார்கள். சில நாளில் தைவானின் வடகரையில் ஜின்ஷான் ஊர் வயலில் வந்து இறங்கிவிட்டது. அந்தத் தீவு நாட்டில் அதற்கு முன் சைபீரியக் கொக்கு வந்ததாகப் பதிவே கிடையாது. போயாங்குக்குப் போகிற கூட்டத்திலிருந்து தவறி, தாய் தகப்பனை விட்டுவிட்டு, கடலைத் தாண்டி வந்த குஞ்சு.

மகள் அப்போது நிறைமாதம். மாசியில் பிரசவம். என் மனைவி பத்தியம் சமைக்கப் போனாள். பூண்டும் சுக்கும் கருவாடும் கொண்ட பெட்டியைத் தூக்க நான் போனேன். பேரன் பிறந்து, தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தபிறகு ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"அந்தக் கொக்கு இன்னும் இருக்காமே, மாப்ள?"

"இருக்கு மாமா. நாளைக்குப் போலாமா?" என்றார். இதைக் கேட்பதற்காகத்தான் நான் இவ்வளவு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மகள் சொல்லியிருப்பாள்.

தைபேக்கு ரயில், அங்கிருந்து ஜின்ஷானுக்கு பஸ். வழியெல்லாம் தூறல். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை கொண்டுவருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தைவானின் வடகரைக்கும் குளிர்கால மழை தருகிறது. ஆனால் நம்மூர் வாடை சட்டையோடு நிற்கும். அது எலும்பு வரை போகிறது. ஜின்ஷான் பழைய கடைத்தெரு வாத்துக்கறிக்குப் பேர்போனது. தட்டுத் தட்டாக வாத்தை வெட்டி அடுக்கியிருக்கிற அந்தத் தெருவைத் தாண்டி, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஒற்றைப் பறவைக்குக் காவல் போட்டிருக்கிற வயல். இதில் முரண் எதுவும் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மீன் தின்னுகிற ஊரிலிருந்து போன எனக்கும் அதில் குறைசொல்ல எதுவுமில்லை.

மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய சமவெளி. சின்னச் சின்ன வயல்கள், நடவுக்கு முன் தண்ணீர் கட்டிக் கிடந்தன. ஆப்பிள் நத்தையின் ஓடுகள் வரப்பு நெடுகிலும். தென்னமெரிக்காவிலிருந்து உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவந்து, விற்காமல் போய், வயலுக்குள் தப்பிய பீடை அது. தூரத்தில் குடைகள், முக்காலிகள், ஒரு முழ நீள லென்ஸ்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மாப்பிள்ளை ஓர் அறிவிப்புப் பலகையைத் தட்டுத்தடுமாறிப் படித்துச் சொன்னார்: நெருங்காதீர்கள்.

முதலில் அதன் சத்தம்தான் கேட்டது. சாரஸின் எக்காளம் மாதிரி இல்லை. மெல்லியது, கொஞ்சம் உடைந்த குரல். அப்புறம் பார்த்தேன். ஒரு வயதான விவசாயி மண்வெட்டியோடு மடை திருத்திக்கொண்டிருந்தார். அவருக்குச் சில கஜம் தள்ளி அது நின்றது. அவர் அடுத்த மடைக்கு நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. தலையும் கழுத்தும் இன்னும் பழுப்பு; உடம்பில் வெள்ளை திட்டுத்திட்டாக ஏறிக்கொண்டிருந்தது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுவதுபோல மூக்கைக் கண்மட்டும் சேற்றில் இறக்கித் துழாவியது. நிமிர்ந்தபோது ஒரு நத்தை. அதை அலசி, உதறி, விழுங்கியது. மறுபடி குனிந்தது.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, போட்டோ எடுக்கலையா?" என்றார். நான் நோட்டை எடுத்தேன். கை விறைத்திருந்ததால் எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நடவுக்கு முந்திய வயல், தண்ணீர் கணுக்கால் அளவு. முதல் வருடப் பறவை. முகத்தில் சிவப்புத் தோல் முழுதாக வரவில்லை. இறக்கையை விரித்தபோது நுனி கறுப்பு. காலில் வளையம் இல்லை. உணவு நத்தை. ஆளைக் கண்டு பயமில்லை, ஆனால் நாயைக் கண்டால் நிமிர்கிறது.

வளையம் இல்லை என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. இருக்க வேண்டாத இடத்தில் ஒரு பறவை தென்பட்டால் முதல் கேள்வி அது கூண்டிலிருந்து தப்பியதா என்பதுதான். வளையம், தேய்ந்த இறகு, வெட்டிய நகம், மனிதர் கையிலிருந்து வாங்கித் தின்கிற பழக்கம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இங்கே எல்லாம் சரியாக இருந்தது. வலசைக் காலத்தில், வலசைப் பாதையின் ஓரத்தில், சரியான வயதில், முதலில் ஒரு கடல் தீவில் என்று வரிசை ஒத்துப்போனது. அந்த விவசாயி நின்றுவிட்டுப் போன வரப்புச் சேற்றில் அதன் கால்தடத்தையும் பார்த்தேன். மூன்று விரல். நம் வயல் கொக்கின் தடத்தில் பின்விரலும் நீளமாகப் பதிந்திருக்கும். இதன் பின்விரல் மேலே ஏறியிருப்பதால் மண்ணைத் தொடுவதில்லை. மரத்தில் உட்காராததற்கும் அதுதான் காரணம். பரத்பூரில் பார்க்கக் கிடைக்காததை அந்தச் சேற்றில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நனைந்தார்.

அங்கே நான் அதிகம் வியந்தது கொக்கைப் பார்த்து அல்ல என்றுகூடச் சொல்லலாம். அதை எழுதி வைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து. தைவானின் சூழலியல் பொறியியல் அறக்கட்டளைக்காரர்கள் நாள்தவறாமல் அதைத் தொடர்ந்து கவனித்தார்கள். எந்த வயல், என்ன தின்றது, இரவு எங்கே தங்கியது, யார் தொந்தரவு செய்தார்கள். புகைப்படக்காரர்கள் தங்கள் படங்களைத் தேதியோடு கொடுத்தார்கள். அதோடு நிற்காமல் விவசாயிகளிடம் பேசி, நத்தைக்கும் களைக்கும் மருந்து அடிக்காமல் சாகுபடி செய்யச் சிலரைச் சம்மதிக்க வைத்தார்கள். நத்தைக்கொல்லி போட்டால் நத்தை செத்துவிடும். செத்த நத்தையைத் தின்றால் கொக்கும். இதை ஒரு வேளாண் அலுவலன் எத்தனை வருடம் கத்தினாலும் விவசாயி கேட்கமாட்டார். ஒரு கொக்கு வந்து வயலில் நின்றதும் கேட்டார்கள். என் தொழிலுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். ஆனால் பயிற்சி வகுப்பு எடுக்கிற இளைஞர்களிடம் இதை நான் சொல்லத் தவறுவதில்லை.

மடை திருத்தி முடித்த அந்த விவசாயி கரையேறி வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் பேசியது உள்ளூர்ப் பேச்சு, மாப்பிள்ளையின் சீனம் ஆய்வுக்கூடச் சீனம். பாதி கைச்சைகையில் போயிற்று. எந்த ஊர் என்றார். இந்தியா, கடற்கரை, ஆற்றின் கடைமடை, எங்களுக்கும் நெல்தான் என்று சொல்லச் சொன்னேன். தண்ணீர் வருமா என்று கேட்டார். எந்த நாட்டு விவசாயியும் கேட்கிற கேள்வி. காவிரியில் எங்கள் பங்கு 7 டிஎம்சி என்று தீர்ப்பு இருக்கிறது, வருகிற வருடம் வரும் என்றேன். மாப்பிள்ளை அதை எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியவில்லை. பெரியவர் நெடுநேரம் தலையாட்டினார். பிறகு கொக்கைக் காட்டி, உங்கள் ஊருக்கு இது வருமா என்றார். எங்கள் நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, பெரியவர்கள் செத்துப்போனதால் வழி நின்றுபோயிற்று என்று சொன்னேன். அதை மாப்பிள்ளை சரியாகவே சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் குஞ்சு அங்கே ஒன்றரை வருடம் போல இருந்தது. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு மகள்தான் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். 2015 ஆகஸ்டில் சௌடெலோர் புயல் தைவானைப் புரட்டிப் போட்டது, கொக்கு பிழைத்தது. அந்த டிசம்பரில் இங்கே நாங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தபோது, அது வயலை விட்டுப் பறந்து தைபே நகருக்குள் போய் சோங்ஷான் ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டது. அதைப் பிடித்து, பரிசோதித்து, மறுபடி ஜின்ஷானில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குள் முழு வெள்ளையாகி, முகம் சிவந்துவிட்டது. 2016 மே மாதம், நமக்குக் கத்திரி வெயில் நேரத்தில், அது கிளம்பிப் போய்விட்டது. போன திசை வடக்கு. கூட்டத்தைச் சேர்ந்ததா என்பதற்கு யாரிடமும் சான்று இல்லை. சான்று இல்லாததைச் சேர்ந்தது என்றோ செத்தது என்றோ எழுதக்கூடாது.

ஊர் திரும்பியதும் என் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றாக ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றினேன். பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணுவது என்று தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-ல் தொடங்கிய கணக்கெடுப்பில் அடுத்த வருடங்களில் நானும் சேர்ந்துகொண்டேன். அதில் ஒரு வேடிக்கை. நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கொக்கு தமிழ்நாட்டுக் கணக்கு; ஆற்றைத் தாண்டிப் பூவத்தில் இறங்கினால் புதுச்சேரிக் கணக்கு. தெற்கே வாஞ்சூரிலும் அதே கதை. இந்த எல்லையை மதுக்கடைக்காரர்கள் எவ்வளவு மதிக்கிறார்களோ அவ்வளவுதான் பறவைகளும் மதிக்கின்றன. ஆனால் பதிவில் அது முக்கியம். காரைக்கால் மாவட்டம் 160 சதுர கிலோமீட்டர் போலத்தான் வரும். அதற்குள் அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரி விரல்விரலாகப் பிரிந்து கடலுக்குள் இறங்குகிறது. இத்தனை முகத்துவாரமும் சதுப்பும் சேற்றுவயலும் கொண்ட இடத்துக்குப் பறவைப் பதிவு மிகக் குறைவு. தெற்கே கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக வளையம் மாட்டிப் பழகியதில் அந்தக் கரையின் ஒவ்வொரு உள்ளானும் ஆவணத்தில் இருக்கிறது. நாம் இடையில் விட்டுப்போன பக்கம்.

அரிதான பறவையைச் சொன்னால் ஈபேர்டில் உடனே நம்பமாட்டார்கள். கேள்வி கேட்டு எழுதுவார்கள்: எப்படி அடையாளம் கண்டீர்கள், வேறு எதுவாக இருக்கலாம், படம் உண்டா. இளைஞர்கள் சிலர் இதற்குக் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்க ஒன்றுமில்லை. கேட்பவர் உங்களைச் சந்தேகிக்கவில்லை, ஐம்பது வருடம் கழித்துப் படிப்பவனுக்காகக் கேட்கிறார். பரத்பூரில் இருநூறு இருந்தது, பிறகு நான்கு, பிறகு இரண்டு என்று இன்று நமக்குத் தெரிவதே யாரோ எண்ணியதால்தான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், எழுதப் பிடிக்கவில்லை என்றாலும். நம் பக்கம் மடையானும் கொக்கும் வலையில் பிடிபடுகின்றன. விடியற்காலையில் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படி குற்றம், 1972-லிருந்தே குற்றம். பிடிப்பவர்கள் பெரும்பாலும் கூலி இல்லாத காலத்தில் பிடிக்கிற ஏழைகள். வாங்கித் தின்பவர்கள் ஏழைகள் இல்லை. வயலில் நாலரை அடி உயரத்தில் பயமறியாத ஒரு குஞ்சு இங்கே வந்து நின்றிருந்தால் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று ஜின்ஷானிலிருந்து வந்த புதிதில் ராத்திரியில் யோசிப்பேன். ஒரு வாரம் என்று எனக்குத் தோன்றும். என் மனைவி இரண்டு நாள் என்பாள். அவள் கோட்டுச்சேரிக்காரி, அந்தப் பக்கம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எனவே இதைப் படிக்கிற காரைக்கால், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயலில் பழக்கமில்லாத நெட்டைப் பறவை ஒன்றைப் பார்த்தால் தூரத்தில் நின்றே செல்போனில் படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, பறக்கும்போது ஒன்று, முடிந்தால் காலும் கால்தடமும் தெரிய ஒன்று. தேதியும் வயல் இருக்கும் இடமும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மனசு கூட்டிச் சொல்லும். சைபீரியா என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், பேப்பர்காரரையும் முதலில் கூப்பிட வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஈபேர்டில் போடத் தெரியாவிட்டால் போடத் தெரிந்த பள்ளிப் பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கும். பொங்கல் கணக்கெடுப்பு வருடாவருடம் ஜனவரியில் நான்கு நாள் நடக்கிறது. நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் எண்ணுவதற்கு ஆள் போதவில்லை. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள்.